பாலத்துக்குப் போகும் பாதையில் அக்காவின் வீடு

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கொழும்பு கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பாதைகளுக்கும் பாலங்களுக்கும் ஆய்வறிக்கை எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வருவதைத் தமிழாக்குவது என் வேலை. அந்த வருடம் எங்கள் மேசைக்கு வந்திருந்தது, மன்னார்த் தீவின் ஊடாகத் தலைமன்னார் வரை போகும் பாதையை அகலமாக்கி, அதற்கு அப்பால் கடல் மேலே இந்தியக் கரை வரை பாலம் போட முடியுமா என்று பார்க்கிற ஆரம்ப ஆய்வு. கடலை வேறு யாரோ பார்த்தார்கள். எங்களுக்குத் தரையில் உள்ள பகுதி.

அறிக்கையின் பின்னிணைப்பில் வீடுகளின் பட்டியல் இருந்தது. பெயர்கள் இல்லை, இலக்கங்கள் மட்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு புகைப்படம். கூரை என்ன, சுவர் என்ன, கிணறு உண்டா என்று சிறு குறிப்பு. பாதை போகக்கூடிய கோடுகள் இரண்டு வரைந்திருந்தார்கள். ஒன்று இப்போதுள்ள பாதையிலிருந்து கடற்கரைப் பக்கமாக விரிந்தது, மற்றது உட்பக்கமாக. எந்தக் கோடு வந்தால் எந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்பது கடைசி நிரலில். அந்த நிரலைத் தமிழாக்கித் தரும்படி கேட்டிருந்தார்கள். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பேசாலைக்கு அப்பால் உள்ள வீடுகள் வரத் தொடங்கியதும் என் கை தானாக மெதுவானது.

வாசலில் நீலக் கேற். மதிலில் மாதா சொரூபம் வைத்த சிறிய மாடம். கேற்றின் ஓரத்தில் விளக்குமாற்றோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதி உடம்பு மட்டும் படத்துக்குள் விழுந்திருந்த ஒரு பெண். என் அக்கா.

முதலாவது கோட்டுக்கு நேரே ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. அவற்றை நான் தமிழில் எழுத வேண்டும். ‘முழுமையாகப் பாதிக்கப்படும்’ என்று அடித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவினேன்.

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை, பெரியம்மாவின் மகள். நாங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். பெரியம்மாவை மட்டும் மன்னாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவும் அங்கேயே ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். சண்டைக் காலத்தில் அவளும் கணவரும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். இருபது வருடத்துக்குக் கிட்ட அகதி முகாம். கணவர் அங்கேயே நோயில் செத்துப்போனார். மகள் அங்கேயே ஒரு பையனை விரும்பிக் கட்டினாள். சண்டை முடிந்த பிறகு அக்கா தனியாகத் திரும்பி வந்தாள். தகப்பன் விட்டுப்போன காணியில், பாதையோரமாக, கல்லுக் கல்லாக அடுக்கி அந்த வீட்டைக் கட்டினாள். கருவாடு போட்டு விற்றும், ஒரு நேர்சரியில் பிள்ளைகளைப் பார்த்தும் கட்டிய வீடு.

மகளால் இங்கே வர முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ் போன இடம் தெரியாது. அது இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை. அதனால் அக்காதான் போய்வருவாள். தலைமன்னார்க் கரையில் நின்றால் சில நாட்களில் அக்கரை வெளிச்சம் தெரியும் என்பார்கள். ஆனால் அந்தக் கரைக்குப் போக அவள் பஸ்ஸேறி ஒரு முழு நாள் தெற்கே ஓடி, கொழும்பில் வெள்ளவத்தைக்கு வர வேண்டும், எங்கள் பிளாட்டில் தங்கி விசாவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டும், அங்கே இறங்கி மறுபடி ஒரு நாள் பஸ்ஸில் போக வேண்டும். விசா வரும்வரை எங்கள் பல்கனியில் இருந்து ரயில்களை எண்ணுவாள். செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லுவாள். சின்ன வயதில் இரண்டே முறை பார்த்திருந்த அக்கா இப்படித்தான் என் நெருக்கத்துக்கு வந்தாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

பாலம் வரப்போகிறது என்ற கதை பேப்பரில் வரும்போதெல்லாம் அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் மகள் வீட்டில் சாப்பிடலாம் என்பாள். பாலம் இருந்தாலும் பாஸ்போர்ட் வேண்டும் என்று நான் சொன்னால், “அது அப்ப பாப்பம்” என்று விட்டுவிடுவாள்.

இப்போது அந்தப் பாலத்துக்குப் போகும் பாதை அவளுடைய வீட்டு முற்றத்தின் மேலால் வந்திருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்தபோது ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆய்வில் பார்ப்பதை வெளியே சொல்லக் கூடாது. காரணம் நியாயமானதுதான்: கோடு வெளியே தெரிந்தால் காணி வாங்கி விற்கிறவர்கள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிடுவார்கள். அதே கடிதத்தில், உறவினர் யாருக்காவது ஆய்வுப் பகுதியில் காணி இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. கையெழுத்து வைத்த நாளில் மன்னார் வேலை வரும் என்று யாருக்குத் தெரியும்? இப்போது வந்துவிட்டது. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லுவேன், நாளைக்குச் சொல்லுவேன் என்று ஒரு கிழமை போனது. பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்து, அதுவே சொல்லாமல் இருப்பதற்குக் காரணமாகிவிட்டது.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்து ஆள், எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் பேசுவார். அன்றைக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

“கோடு ரெண்டு இருக்கெண்டு சொல்லிறீர். மற்றக் கோடு வந்தா வீட்டுக்கு ஒண்டும் இல்லைத்தானே. இப்ப சொன்னா உமக்கும் கரைச்சல், அவவுக்கும் நித்திரை போயிடும். பேசாம இரும்.”

பேசாமல் இருந்தேன். ஆனால் அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து கூப்பிடுவாள். தொலைபேசியில் அவள் பெயர் தெரிந்ததும் பல்கனிக்குப் போய் எடுப்பேன். அவள் மழையைப் பற்றிச் சொல்லுவாள், கழுதைகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கீரையைத் தின்றதைச் சொல்லுவாள், நான் “ஓம் ஓம்” என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த வார்த்தையில் அகப்பட்டுக்கொள்வேனோ என்று காத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, அவள் வீட்டுக்கு மேலே ஓர் அறை கட்டப் போவதாகச் சொன்னாள். மகளின் பிறப்பைக் காலங்கடந்து பதிவதற்கு ஒரு வழி இருக்கிறதாம்; பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவைத் தேடிக் கொடுத்திருக்கிறாராம். எப்படியும் மகள் ஒருநாள் பிள்ளைகளோடு வருவாள். வந்தால் படுக்க இடம் வேண்டும். கொங்கிரீட் போட்டு மேலே ஓர் அறை, கடற்காற்று வரும்.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். சாமான் விலையெல்லாம் இறங்கும் என்கிறார்கள் என்று ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள். இந்த நாட்டில் எது எப்போது விலை இறங்கியது என்று கேட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டார். கல்கிசையிலிருந்து தினமும் ரயிலில் வருகிற, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய சிங்களவர். கந்தோரில் உள்ள பெண்களையெல்லாம் தங்கச்சி என்ற பொருளில் ‘நங்கி’ என்றுதான் அழைப்பார். ஊர்ச்சனத்தைச் சந்தித்து விளக்கம் சொல்ல வேண்டும், பேசாலைப் பக்கம் ஒரு கூட்டம், மொழிபெயர்க்க நீங்கள் வரவேண்டும் என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன். அவர் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. அவர் பேசி முடிப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்திருந்தேன்.

அங்கே நான் இருந்தால் அக்காவுக்கு ஏதாவது உதவியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்தது. கந்தோர் வான் வண்டியில் போய் இறங்கினோம். மண்டபத்தில் ஏறக்குறைய எல்லாக் கதிரைகளும் நிறைந்திருந்தன. அக்கா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில், ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையோடு இருந்தாள். கந்தோர் வேலையாக வருவேன் என்று மட்டும் முதல்நாள் சொல்லியிருந்தேன். என்னைக் கண்டதும் பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தன் தங்கச்சி என்று சொல்லியிருப்பாள்.

பொறியியலாளர் நல்லபடியாகத்தான் பேசினார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, இரண்டு கோடுகளைப் பார்க்கிறோம், காணி போனால் இழப்பீடு உண்டு, உங்கள் கருத்தைக் கேட்கத்தான் வந்தோம் என்றார். சிங்களத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஒரு வயதான மனிதர் எழுந்து, முன்பு படையினரும் இப்படித்தான் வந்து கேட்டார்கள், பிறகு முள்ளுக்கம்பி அடித்தார்கள், இருபது வருடமாகத் தன் காணிக்குள் தான் கால் வைக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னார். பின்வரிசையில் பலர் எழும்பிவிட்டார்கள். அதை நான் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டையெல்லாம் வியர்த்துவிட்டது.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அக்கா கையைத் தூக்கினாள்.

“எனக்கு மேல ஒரு அறை கட்ட வேணும். மேசன் வாறனெண்டு சொல்லிற்றான். கட்டலாமா, கூடாதா, அத மட்டும் சொல்லுங்க.”

வீடு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, சட்டப்படி இப்போது யாரும் தடுக்க முடியாது, அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்தால்தான் தடை என்றார். நான் அதைச் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவர் பேசி முடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், ஆனால் எல்லோருக்கும் சொல்வதாகத்தான், இன்னொரு வசனம் சொன்னார்: என்னுடைய தங்கச்சி அந்த இடத்தில் கட்டுவதாக இருந்தால், கொஞ்சம் பொறு என்றுதான் சொல்லுவேன்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வசனத்தைச் சொன்னால் மண்டபம் முழுவதற்கும் விளங்கிவிடும், அவளுடைய வீடு கோட்டுக்குள் இருக்கிறது என்று. அந்த வயதான மனிதர் மறுபடி எழும்புவார். அக்காவின் முகத்தில் அப்போதிருந்த வெளிச்சத்தை நானே, என் வாயாலேயே அணைக்க வேண்டும்.

“மற்றதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை” என்று தமிழில் சொன்னேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்றாள். “உன்ட வாயால கேட்டது காணும் புள்ள.” வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்று கெஞ்சினாள். வான் புறப்படப் போகிறது என்று சொல்லித் தப்பினேன். வான் புறப்பட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

கொழும்புக்குத் திரும்பிய பத்தாம் நாளிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. மணல் பறித்திருந்த படம். கம்பிகள் வந்து இறங்கிய படம். மேசனும் இரண்டு ஆட்களும் பலகை அடிக்கிற படம். மகளிடமிருந்து வந்த குரல் செய்தியையும் எனக்கு அனுப்பியிருந்தாள். “யம்மா, ஜன்னல் கடலப் பாத்து வைக்கச் சொல்லு, புள்ளைங்க கேக்குதுங்க” என்று ராமநாதபுரத்துப் பேச்சில் மகள் சொல்லியிருந்தாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கேட்டபோது அல்சர் என்றேன். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை அவருக்கு முன்னால் விழுங்கினேன். ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கொண்டக்டர் தோளில் தட்டி எங்கே இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டபோது பஸ் தெகிவளையைத் தாண்டிவிட்டது. வெள்ளவத்தை போன இடம் தெரியவில்லை. இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். கைத்தொலைபேசியைத் திறந்தால் புதுப் படம். பலகைக்கு மேலே கம்பி கட்டி முடிந்திருந்தது. வியாழக்கிழமை கொங்கிரீட் போடுகிறார்களாம், சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிக்கிறாராம். அன்றைக்குத் திங்கள்.

செவ்வாய் காலை முதல் வேலையாகப் பொறியியலாளரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். படத்தில் இருப்பது என் அக்கா என்று. கையெழுத்து வைத்த வரியை மறைத்தேன் என்று. மண்டபத்தில் அவர் சொன்ன வசனத்தை விழுங்கினேன் என்று. சிங்களத்தில் தொடங்கி இடையில் ஆங்கிலத்துக்குப் போய் எதில் முடித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இருபது வருடமாக இப்படிக் கூட்டங்களுக்குப் போகிறேன், தமிழ் தெரியாமலே போகிறேன், நான் சொல்வது போய்ச் சேருகிறது என்ற நம்பிக்கையில்தான் வாய் திறக்கிறேன், இனி ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்குச் சந்தேகம் வரும் நங்கி என்றார். இனிமேல் கூட்டங்களுக்கு என்னை அனுப்ப முடியாது, எழுத்து வேலை மட்டும்தான் என்றார். சரி என்றேன். கதவருகே போனதும் அவர் பின்னாலிருந்து சொன்னார், மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் சொன்னது இரகசியம் இல்லை, அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும், தொலைபேசியில் வேண்டாம் என்று.

புதன்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து தலைமன்னார் ரயிலில் ஏறினேன். மதவாச்சிக்குப் பிறகு பெட்டி ஏறக்குறைய வெறுமையானது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தீவுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

அக்கா கேற்றடியில் நின்றாள். கொங்கிரீட் போடுவதைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மீன் பொரித்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று, கை கழுவக்கூடப் போகாமல், குசினி வாசலில் நின்று, மண்டபத்தில் ஒரு வசனத்தை விழுங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். கூட்டத்தில் அந்த இஞ்சினியர் சேர் என்ன சொன்னாரோ அதை முதலில் அவருடைய பாஷையிலேயே சொல்லு என்றாள். அவளுக்குச் சிங்களம் விளங்காது. ஆனாலும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். இப்போது தமிழில் சொல்லு என்றாள்.

“தன்ர தங்கச்சி அந்த இடத்தில கட்டுறதெண்டா, கொஞ்சம் பொறு எண்டுதான் சொல்லுவாராம்.”

“தங்கச்சி எண்டா சொன்னவர்?”

“ஓம்.”

“என்னை யாரெண்டும் தெரியாத மனிசன்.”

எனக்குச் சோறு போட்டுத் தந்தாள். தான் சாப்பிடவில்லை. நான் தட்டோடு இருந்தேன். கிணற்றடியில் மேசனின் ஆட்கள் நாளைக்குத் தேவையான தண்ணீரைப் பீப்பாக்களில் நிறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் முதல்முறையாக எனக்கு அந்தக் கடல் பயணத்தைச் சொன்னாள். அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. படகுக்காரன் ஓர் இடத்தில் நிறுத்தி, இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கள் என்றானாம். முழங்கால் தண்ணீர். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்து மணலில் ஏறினார்களாம். படகு போய்விட்டது.

“விடிஞ்சா சுத்திக் கடல். அது மணல் திட்டு. கரையில்ல. ரெண்டு நாள் கிடந்தம். தண்ணி இல்ல. அவனும் பொய் சொல்லயில்ல புள்ள. இந்தியாவின்ட திட்டுத்தான் அது. பாதியத்தான் சொன்னவன்.”

நான் எழுந்து அவள் காலடியில் உட்காரப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். வெளியே போய் மேசனைக் கூப்பிட்டாள். நாளைக்குக் கொங்கிரீட் இல்லை என்றாள். அவன் ஏன் என்று கேட்டான், கட்டிய கம்பியையும் அடித்த பலகையையும் காட்டினான், குரலை உயர்த்தினான். அவள் காரணம் சொல்லவில்லை. நான் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வெளியே வந்து என் பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் நான் செய்யவில்லை.

அன்று இரவே பஸ்ஸேறிவிட்டேன். அவள் கேற் வரைக்கும் வந்தாள். கவனமாகப் போ என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன். நான் எடுத்தால் பக்கத்து வீட்டுப் பெண் பேசி, அக்கா வெளியே போய்விட்டா என்பாள். விசாவுக்குக் கொழும்பு வந்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் அவளுடைய கணவரின் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் அதே காலி வீதியால் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் உண்மையில் அழுதேன். கணவர் பக்கத்தில் வந்து இருந்தார். பேசாமல் இரும் என்று தான் சொன்னது அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் அவரே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று இருவரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். முற்றத்தின் பின்பக்கத்தில், பழைய வீட்டைத் தொடாமல், இரும்புக் குழாய்க் கால்களில் ஓர் அறை. தகரக் கூரை, பலகைச் சுவர், கடலைப் பார்த்த ஜன்னல். நான் உடனே எடுத்தேன். அவளே பேசினாள். எல்லாம் ஆணியில்லாமல் நட்டும் போல்ற்றும் போட்டுப் பூட்டியிருக்கிறதாம். பாதை வந்தால் ஒரே நாளில் கழற்றி உள்ளே தள்ளி வைக்கலாம். முகாமில் இப்படி எத்தனை குடில் கழற்றிப் பூட்டியிருக்கிறோம் என்றாள். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது, பொரித்து எடுத்துவிடும், அதுதான் ஒரு குறை என்றாள். கட்டி வைத்த கம்பிகளை என்ன செய்தாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வருடக் கடைசியில் அவள் மறுபடி வெள்ளவத்தைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் உள்ள விசாப் படிவத்தை எப்போதும் நான்தான் நிரப்புவேன். இந்த முறை நான் நிரப்பி முடித்ததும், ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து அதற்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். பக்கத்து பிளாட்டில் இருக்கிற பெண் கீரை தர வந்தபோது, அவளிடமும் அதே தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகுதான் கையெழுத்து வைத்தாள். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அவள் செய்ததில் பிழை இல்லை.

எங்கள் அறிக்கை போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. எந்தக் கோடு என்று யாரும் சொல்லவில்லை. பாலம் வரும் என்று ஒரு மாதம் பேப்பரில் வரும், வராது என்று அடுத்த மாதம் வரும். வரும் என்றால் வீடு போய்விடுமோ என்று பயப்படுகிறேன். வராது என்றால் அவள் இன்னும் எத்தனை முறை இந்த வயதில் நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்து போவாள் என்று பயப்படுகிறேன். மகளின் பிறப்புப் பதிவு முடிந்து, கடவுச்சீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் இன்னும் பதில் இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் அக்கா ஒரு வேலை நாளில் கூப்பிட்டாள். ஞாயிறு இல்லாத நாளில் அவள் கூப்பிட்டதே எனக்குப் பதற்றமாக இருந்தது. நிலம் அளக்கும் முக்காலிக் கருவிகளோடு மறுபடியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், வேறு கம்பனியாம், அடுத்த கிழமை அதே மண்டபத்தில் கூட்டமாம். எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை.

“புதுசா ஒரு புள்ள வந்து தமிழில சொல்லுமாம். நீ வந்து எனக்குப் பக்கத்தில இரு. அது எல்லாத்தையும் சொல்லுதா எண்டு பாத்துச் சொல்லு.”

பொறியியலாளரிடம் இந்த முறை முதலிலேயே போய்ச் சொன்னேன். அந்த ஊரில் எனக்கு அக்கா இருக்கிறாள், அவளோடு அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன், எங்கள் பழைய ஆய்வைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, சரி என்றார். மூன்று நாள் லீவு எடுத்து, ரயிலுக்கு ஆசனம் பதிந்திருக்கிறேன். அந்தப் புதுப் பிள்ளை யாராக இருக்கும், மைக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவாளோ, தடுமாறினால் நான் எழுந்து சொல்ல வேண்டி வருமோ என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.